மூலான் ரூஜ் போஸ்டரை ஓவியமாகப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸில் மூலான் ரூஜ் என்றொரு நடனக்கூடம். அதன் விளம்பரத்துக்காக 1891-ல் ஆன்ரி தெ துலூஸ்-லோத்ரெக் என்ற 27 வயது ஓவியர் ஒரு போஸ்டர் வரைந்து கொடுத்தார். அவருடைய முதல் போஸ்டர் அதுதான். ஓவியம் பார்க்கப் பழக விரும்பும் நண்பர்களோடு உட்காரும்போதெல்லாம் நான் முதலில் விரித்து வைப்பது அந்தப் படத்தைத்தான். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இங்கே.

படத்தில் என்னதான் இருக்கிறது?

ஒரு பெண் ஒற்றைக் காலில் நின்று மறு காலைத் தூக்கி ஆடுகிறார். சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட மேல்சட்டை, செம்மஞ்சள் காலுறை, உச்சியில் சுருட்டி முடிந்த மஞ்சள் கொண்டை. அவருடைய உள்பாவாடை படத்தின் நடுவில் வெள்ளையாக விரிந்திருக்கிறது. அவருக்கு முன்னால், நம் கண்ணுக்கு மிகப் பக்கத்தில், உயரத் தொப்பி அணிந்த ஒல்லியான ஆண் ஒருவர் பக்கவாட்டில் தெரிகிறார். அவர் முழுதாகத் தெரிவதில்லை, படத்தின் கீழ் விளிம்பு அவரை வெட்டிவிடுகிறது. பின்னால் கூட்டம், எல்லாம் கறுப்பு நிழல்கள். இடது ஓரத்திலிருந்து மஞ்சள் உருண்டைகள் உள்ளே வருகின்றன. காலடியில் மரப்பலகைத் தரை. மேலே கூடத்தின் பெயர் மூன்று முறை.

அளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 190 செ.மீ. உயரம், 116 செ.மீ. அகலம். எதிரில் போய் நின்றால் ஒரு முழு ஆள் உயரம்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

தூரத்திலிருந்து. போனில் பார்க்கிறீர்கள் என்றால் படத்தை நகத்தளவுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். தெருவில் நடந்து போகிறவர், குதிரை வண்டியில் போகிறவர், இவர்கள் கண்ணில் இரண்டு மூன்று நொடி படுவதற்காக வரைந்த படம் இது. அந்தத் தூரத்தில் முகம் தெரியாது, விரல் தெரியாது. ஒரு வெள்ளைத் திட்டு, ஒரு கறுப்புப் பட்டை, கொஞ்சம் சிவப்பு எழுத்து. இந்த மூன்றும்தான் தெரியும். அந்த மூன்றையும் வைத்தே ஓவியர் முழுப் படத்தையும் கட்டியிருக்கிறார். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் பின்னால் வரும்.

அப்புறம் கிட்டே வாருங்கள். மூன்று அடுக்குகளை எண்ணுங்கள்: முன்னால் அந்த ஆண், நடுவில் ஆடுகிற பெண், பின்னால் கூட்டம். சாதாரணமாக ஓவியர்கள் பக்கத்தில் இருப்பதை அழுத்தமாகவும் தூரத்தில் இருப்பதை மங்கலாகவும் காட்டுவார்கள். இங்கே தலைகீழ். பக்கத்தில் நிற்பவர்தான் சாம்பலும் ஊதாவும் கலந்த புகை மாதிரி இருக்கிறார். தூரத்தில் இருக்கிற கூட்டம்தான் மை கொட்டியதுபோல் அடர்கறுப்பு. நடுவில் இருக்கிற பெண்ணுக்கு மட்டும் சிவப்பு, மஞ்சள், வெள்ளை.

ஏன் இப்படி? கூட்டமான ஒரு மண்டபத்தில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதாக நினைத்துப் பாருங்கள். உங்கள் கண் ஆட்டத்தின் மேல் இருக்கிறது. அதற்கும் உங்களுக்கும் நடுவில் யாரோ குறுக்கே வருகிறார். அவர் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் உங்கள் கண்ணுக்கு அவர் ஒரு மங்கல்தான், ஏனென்றால் நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. லோத்ரெக் வரைந்தது அந்த மங்கலை. இது எனக்குப் புரிந்த நாளிலிருந்து படத்துக்கு வெளியே நின்று பார்க்க என்னால் முடிந்ததில்லை. பின்னால் இருக்கிற கூட்டம் ஆட்டக்காரியைச் சுற்றி நிற்கும் வட்டத்தின் ஒரு பாதி. மறு பாதி படத்தில் இல்லை. போஸ்டருக்கு முன்னால் தெருவில் நிற்கிற நாம்தான் அந்த மறு பாதி.

அந்த வெள்ளைப் பாவாடையில் அப்படி என்ன விசேஷம்?

அது அச்சடிக்கப்படாத காகிதம். அங்கே மை கிடையாது. பாவாடையின் மடிப்புகளைச் சொல்லச் சில கோடுகள் மட்டும் ஓடுகின்றன, மற்றபடி வெறும் தாள். படத்தில் எல்லாரும் பார்க்கிற இடம், நம் கண் முதலில் போய் விழுகிற இடம், ஓவியர் கை வைக்காமல் விட்ட இடம். சுற்றிலும் கறுப்பையும் சாம்பலையும் நிறுத்தி, நடுவில் தாளைத் தாளாக விட்டவுடன் அது விளக்கு போட்டதுபோல் எரிகிறது.

அருங்காட்சியகங்களில் இன்றைக்கு இருக்கும் பிரதிகளில் காகிதம் பழுத்து வெளிர்பழுப்பாகியிருக்கிறது. 1891-ல் ஈரப்பசை காயாமல் சுவரில் ஒட்டியிருந்தபோது அந்த வெள்ளை இன்னும் எவ்வளவு கூர்மையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

மூலான் ரூஜ் எப்படிப்பட்ட இடம்?

பெயருக்குப் பொருள் சிவப்புக் காற்றாலை. பாரிஸின் வடக்கே மோன்மார்த்ர் என்ற குன்றின் அடிவாரத்தில் 1889 அக்டோபர் 6-ம் தேதி திறந்தார்கள். ஈஃபில் கோபுரத்தைக் கட்டி உலகக் கண்காட்சி நடத்திய அதே ஆண்டு. ஜோசப் ஒல்லேர், ஷார்ல் ஸித்லேர் இருவரும் நிறுவனர்கள். உள்ளே பெரிய நடனக்கூடம், பின்னால் தோட்டம், தோட்டத்தில் ஒரு பிரம்மாண்டமான யானைச் சிலை. பணக்காரரும் பிரபுக்களும் வந்தார்கள், சலவைக்கூடத்திலும் தையல்கடையிலும் வேலை பார்த்த பெண்களும் வந்தார்கள். ஒரே தரையில் எல்லாரும் சேர்ந்து ஆடினார்கள். லோத்ரெக் அங்கே வாடிக்கையாளர். அவருடைய ‘பெர்னாந்தோ சர்க்கஸ்’ ஓவியத்தை வாங்கி அந்தக் கூடத்தின் நுழைவறையில் மாட்டியிருந்தார்கள். ஆக, தெரியாத இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வரைந்த படம் இல்லை இது.

ஆடுகிற பெண் யார்? முன்னால் இருப்பவர் யார்?

பெண்ணின் பெயர் லூயிஸ் வெபேர், 1866-ல் பிறந்தவர். சலவைத் தொழில் செய்த குடும்பம். மேடைப்பெயர் லா கூலூ. பெருந்தீனிக்காரி என்று பொருள். வாடிக்கையாளர்களின் மேசையில் இருக்கும் மதுக் கோப்பைகளை எடுத்து அவர் காலி செய்துவிடுவதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கான்-கான் ஆட்டத்தில் காலை வீசி எதிரில் நிற்கும் ஆணின் தொப்பியைக் கால்விரலால் தட்டிவிடுவது அவருடைய பெயர்பெற்ற வித்தை. போஸ்டர் வந்தபோது அவருக்கு 25 வயது.

அந்த ஆண் ழாக் ரெனோதான். மேடையில் அவரை வலான்தான் ல தெஸொஸே என்பார்கள், எலும்பில்லாத வலான்தான் என்று அர்த்தம். உடம்பு அவ்வளவு வளையும். லா கூலூவைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். ஆட்டத்துக்குக் காசு வாங்காமல், ஆசைக்காக ஆடியவர் என்று சொல்வார்கள். அந்த நீண்ட வளைந்த மூக்கு, துருத்திய தாடை, தூக்கிய கட்டைவிரல் எல்லாம் அன்றைய பாரிஸ்காரர்களுக்கு அத்துப்படி. வெறும் பக்கவாட்டுக் கோட்டை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் லோத்ரெக்கால் அவரைப் புகைபோல் விட்டுவிட முடிந்தது.

பின்னால் இருப்பவர்களுக்கு ஏன் முகமே இல்லை?

போஸ்டருக்கு அது தேவைப்பட்டது என்பது முதல் காரணம். பத்துப் பதினைந்து முகங்கள் வரைந்திருந்தால் நம் கண் அங்கே போய்ச் சிதறியிருக்கும். கறுப்பாக்கியதால் கூட்டம் ஒரே வேலியாகிவிட்டது, அந்த வேலிக்கு முன்னால் பெண் தனியாக எடுத்து நிற்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அதே மோன்மார்த்ரில் ‘கறுப்புப் பூனை’ என்ற கேளிக்கை விடுதியில் 1880-களின் நடுவிலிருந்து நிழற்கூத்து நடந்துவந்தது. வெட்டிய உருவங்களை ஒளிக்கு முன் நகர்த்தித் திரையில் கதை காட்டுவார்கள். நம் தோல்பாவைக்கூத்தின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் பார்த்துப் பழகிய ஊருக்கு ஒரு தொப்பி விளிம்பும் ஒரு இறகுக் கொண்டையும் போதும், ஆள் யார், எந்தத் தட்டைச் சேர்ந்தவர் என்று படித்துவிடுவார்கள். கூட்டத்தின் தலைகளை மட்டும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஆண்களின் உயரத் தொப்பியும் பெண்களின் இறகுத் தொப்பியும் கலந்து கலந்து வருகின்றன. அந்த வரிசையே ஒரு தனிச் சித்திரம்.

இடது பக்கத்து மஞ்சள் உருண்டைகள் என்ன?

விளக்குகள். கூடத்தின் விளக்குக் கோளங்களைத் தனித்தனியாக வரையாமல், ஒன்றோடொன்று ஒட்டிய மஞ்சள் திட்டாக்கி ஓரத்திலிருந்து உள்ளே விட்டிருக்கிறார். முதன்முதலாகப் பார்க்கிற பலருக்கு அது என்னவென்று பிடிபடாது. பிடிபடாமல் போனாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். லா கூலூவின் கொண்டையிலும் அதே மஞ்சள். இரண்டு மஞ்சளும் ஒன்றையொன்று கூப்பிடுவதால் கண் அங்கும் இங்கும் போய் வருகிறது.

கூடத்தின் பெயரை மூன்று முறை எழுதியது எதற்கு?

மூன்று வரிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய ‘எம்’ எழுத்து. அதைப் பிடித்துக்கொண்டு மீதி எழுத்துகள் சிவப்பில் மூன்று முறை அடுக்காக ஓடுகின்றன. வாசலில் நின்று ஒருவர் ‘மூலான் ரூஜ்! மூலான் ரூஜ்! மூலான் ரூஜ்!’ என்று கூவுவதுபோல. இசை நிகழ்ச்சி, நடனம், தினமும் இரவில் என்ற தகவலும், லா கூலூ என்ற பெயரும் கூடவே வருகின்றன. எழுத்துகளைத் தூரிகையால் எழுதியதுபோல் விட்டிருப்பதால் படத்தின் கோட்டுக்கும் எழுத்தின் கோட்டுக்கும் ஒரே கை என்பது தெரிகிறது. படத்தை ஒருவர் வரைய எழுத்தை வேறொருவர் பிறகு சேர்க்கும் வழக்கமும் அப்போது இருந்தது. அப்படிச் செய்த போஸ்டர்களோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும்.

இதை எப்படி அச்சடித்தார்கள்?

லிதோகிராஃப் முறையில், தமிழில் கல்லச்சு. ஜெர்மனியில் 1790-களின் இறுதியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையை வைத்து நடக்கிற வேலை. வழவழப்பாக இழைத்த சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புள்ள மையால் வரைவார்கள். கல்லை நனைப்பார்கள். எண்ணெய் மை பூசினால் ஈரமான இடம் அதை ஏற்காது, வரைந்த இடம் மட்டும் ஏற்கும். தாளை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். கல்லில் வரைவது இடவலம் மாறி விழும் என்பதால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத வேண்டும்.

ஒரு நிறத்துக்கு ஒரு கல். இந்தப் போஸ்டருக்கு நான்கு நிறங்கள்: கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம். நாலே நிறத்தில் வலான்தானின் அந்தச் சாம்பல்ஊதா எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் விழும்போது மூன்றாவது சாயல் பிறக்கும். கூடவே தெளிப்பு முறை ஒன்று உண்டு. விறைப்பான தூரிகையில் மையைத் தோய்த்து, கத்தி விளிம்பில் தேய்த்தால் பொடித்துளிகளாகக் கல்லின் மேல் சிதறும். தூரத்தில் நின்று பார்த்தால் அந்தத் துளிகள் சேர்ந்து ஒரு மெல்லிய சாயலாகத் தெரியும். லோத்ரெக்குக்கு அது மிகவும் பிடித்த வழி, பிற்காலப் போஸ்டர்களில் இன்னும் தாராளமாகப் பயன்படுத்தினார்.

ஆள் உயரப் படத்தை ஒரே தாளில் அடிக்க முடியவில்லை. மூன்று தாள்களில் அடித்துச் சுவரில் சேர்த்து ஒட்டினார்கள். மேல்துண்டு தனித்தாள் என்பதால் இன்று கிடைக்கும் சில பிரதிகளில் அது இல்லாமலே இருக்கிறது.

இதே கல்லச்சைத்தான் ரவி வர்மா 1894-ல் பம்பாயில் தன் அச்சகத்துக்குக் கொண்டுவந்தார். நம் வீட்டுச் சுவர்களுக்கு லட்சுமியும் சரஸ்வதியும் வந்து சேர்ந்தது அந்த வழியாக. அவர் பல கற்களை அடுக்கி எண்ணெய் ஓவியத்தின் கனத்தைத் தாளில் கொண்டுவரப் பார்த்தார். லோத்ரெக்கோ கற்களைக் குறைத்து, தாள் தாளாகவும் மை மையாகவும் தெரியும்படி விட்டார். ஒரே காலத்தில் ஒரே தொழில்நுட்பத்தை இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் கொண்டுபோனார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஜப்பானிய ஓவியத்தின் தாக்கம் என்கிறார்களே, அது எங்கே தெரிகிறது?

பாரிஸில் 1890-ல் நுண்கலைக் கல்லூரியில் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களைப் பெரிய அளவில் காட்சிக்கு வைத்தார்கள். அதற்கு முன்பிருந்தே அங்கிருந்த ஓவியர்கள் அவற்றைச் சேகரித்து வந்தார்கள், லோத்ரெக்கும்தான். போஸ்டரில் மூன்று இடங்களில் கை வையுங்கள். நிழல்விழாத தட்டையான நிறத் திட்டுகள். முன்னால் நிற்பவரை விளிம்பில் துணிந்து வெட்டுவது. மேலேறிப் போகும் தரை. பலகைக் கோடுகள் சாய்ந்து பின்னால் ஓடுகின்றன, ஆனால் தரை நிமிர்த்தி வைத்த பலகைபோல் தெரிகிறது. மூன்றும் ஜப்பானிய அச்சுகளில் கற்றவை. ஆட்டக்காரரையும் நடிகரையும் இரவு விடுதிப் பெண்ணையும் படத்துக்குரிய ஆட்களாக நினைக்கும் வழக்கமும் அங்கே ஏற்கெனவே இருந்தது. என்னைக் கேட்டால் வெட்டையும் தட்டையையும்விட அந்தப் பாடம்தான் பெரியது.

இதற்கு முன்னால் போஸ்டர்கள் எப்படி இருந்தன?

அந்தக் காலத்துப் போஸ்டர் உலகின் ராஜா ஜூல் ஷெரே. வண்ணக் கல்லச்சை மலிவாகவும் வேகமாகவும் செய்யும் வழியை வளர்த்தவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்டர்கள் வரைந்தவர். மூலான் ரூஜ் திறப்பு விழாவுக்கு 1889-ல் போஸ்டர் போட்டதும் அவர்தான். அதில் சிவப்புக் காற்றாலையைச் சுற்றிப் பெண்கள் கழுதைச் சவாரி வருகிறார்கள், எல்லாம் சிரிப்பு, எல்லாம் மிதப்பு. அவர் வரைந்த பெண்களுக்கு ஷெரேத் என்றே ஊரில் பெயர்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷெரேயின் பெண்கள் எங்கும் இருக்கக்கூடியவர்கள், காற்றில் மிதப்பவர்கள், நம்மைப் பார்த்துச் சிரிப்பவர்கள். லோத்ரெக்கின் பெண் ஒரு குறிப்பிட்ட ஆள். பெயர் இருக்கிறது, நிற்கத் தரை இருக்கிறது, செய்ய வேலை இருக்கிறது. ஷெரேயைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் போட்ட பாதை இல்லாமல் லோத்ரெக் வந்திருக்க முடியாது. பியேர் போனார் என்ற ஓவியர் வரைந்த ஷாம்பெயின் போஸ்டரும் 1891-ல்தான் வந்தது. அது லோத்ரெக்கைத் தூண்டிய இன்னொரு படம்.

போஸ்டர்கள் அப்போது திடீரென்று பெருகியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1881 ஜூலை 29-ம் தேதிப் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் சுவரொட்டிக்கும் வழி திறந்தது. அதே சட்டத்தின் பேரில் ‘இங்கே ஒட்டக் கூடாது’ என்று தேதியோடு எழுதிய வாசகத்தைப் பாரிஸ் சுவர்களில் இன்றும் பார்க்கலாம்.

விளம்பரம்தானே? இதைக் கலை என்று எப்படிச் சொல்வது?

காசு கொடுத்துச் செய்யச் சொன்னது, ஆள் சேர்ப்பதற்காகச் செய்தது, சரி. கூடத்தின் பெயர், ஆட்டக்காரியின் பெயர், அளவு, வேகம் எல்லாம் வேலை கொடுத்தவரின் தேவை. மீதியை முடிவு செய்தது ஓவியர். நடுவை வெறுமையாக விடலாம் என்று எந்த முதலாளியும் சொல்லியிருக்க மாட்டார். காசு கொடுக்கும் வாடிக்கையாளர்களை முகமில்லாத நிழல்களாகப் போடு என்றும் சொல்லியிருக்க மாட்டார்.

நான் வைக்கும் சோதனை எளிது. படத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒல்லி மனிதரைக் கட்டைவிரலால் மறையுங்கள்: பெண் மேடையில் தனியாக நிற்கும் அழகுப் படமாகிவிடுவார், மண்டபத்தின் நெரிசல் போய்விடும். மஞ்சள் உருண்டைகளை மறையுங்கள்: இரவு போய்விடும். எழுத்தை மறைத்தால்கூட மேலே கனமில்லாமல் படம் ஆட்டம் காண்கிறது. எதை எடுத்தாலும் ஏதோ ஒன்று உடைகிற படத்தைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை, அதை எதற்காகச் செய்திருந்தாலும்.

அன்றைய பாரிஸும் அப்படித்தான் உணர்ந்தது. 1891 டிசம்பரில் சுவருக்கு வந்ததும் லோத்ரெக்கின் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. போஸ்டர் சேகரிப்பவர்கள் பசை காய்வதற்குள் சுவரிலிருந்து உரித்துக்கொண்டு போனார்கள். சில வணிகர்கள் போஸ்டர்களைத் தனியாக விற்கவும் தொடங்கியிருந்தார்கள்.

பெண்ணின் பாவாடையை நடுவில் வைத்து விற்கிற படம்தானே இது? இதை ரசிப்பது சரியா?

இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆம், பாவாடைதான் மையம். கூட்டம் அதைத்தான் பார்க்கிறது. முன்னால் இருப்பவரின் கை விழுகிற இடத்திலும் குறும்பு இருக்கிறது, அன்றைக்குப் பார்த்தவர்களுக்கும் அது புரிந்தேயிருக்கும். கூடத்துக்கு ஆள் வருவதற்கு எது காரணம் என்பதை லோத்ரெக் மறைக்கவில்லை.

ஆனால் முகத்தைப் பாருங்கள். அவ்வளவு பெரிய படத்தில் சின்னஞ்சிறு பக்கவாட்டு முகம். சிரிப்பில்லை. நம்மைப் பார்க்கவில்லை, முன்னால் இருப்பவரைப் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. ஒற்றைக் காலில் நின்று கடினமான அசைவைச் செய்பவரின் கவனம் மட்டும் அதில் இருக்கிறது. கயிற்றில் நடப்பவரின் முகத்தில் பார்ப்போமே, அதுபோல. எத்தனையோ கண்கள் உடம்பைப் பார்க்கும்போது அந்த உடம்புக்குள் இருப்பவர் தன் வேலையைப் பார்க்கிறார் என்பதையும் சேர்த்தே படம் சொல்கிறது. அப்புறம், சலவைக்காரக் குடும்பத்துப் பெண்ணின் பெயர், அவர் தானே சம்பாதித்த பட்டப்பெயர், நகரத்துச் சுவர்களில் பெரிய எழுத்தில். விற்பனையும் மரியாதையும் ஒரே தாளில் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் படத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறோம்.

லோத்ரெக்கின் உடல்நிலைக்கும் இந்தப் படத்துக்கும் தொடர்பு உண்டா?

அவர் 1864-ல் அல்பி நகரில் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் நெருங்கிய இரத்த உறவில் மணம் முடித்தவர்கள். பதின்ம வயதில் அடுத்தடுத்து இரண்டு தொடை எலும்புகளும் முறிந்து, கால்கள் அதன் பின் வளரவில்லை. ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரத்தோடு நின்றுவிட்டார். 1901-ல் 36 வயதில் இறந்தார். ஆட முடியாதவர் ஆட்டத்தை வரைந்தார் என்று இதை வைத்து உருக்கமாக எழுதுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. படத்தின் பலம் கையின் பயிற்சியிலிருந்தும் இரவுக்கு இரவு அங்கே போய் உட்கார்ந்து கோடு போட்டதிலிருந்தும் வந்தது. இந்தப் போஸ்டருக்கு முன்னால் கரியில் போட்ட பெரிய முன்வரைவு அல்பி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அசல் எங்கே இருக்கிறது? கடையில் கிடைப்பது அசலா?

ஒரே அசல் என்று கிடையாது. சுமார் 3,000 பிரதிகள் அடித்தார்கள், எல்லாமே அசல்தான். மழையிலும் பசையிலும் போனது போக மிச்சமிருப்பவை குறைவு. அல்பியில் லோத்ரெக் அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், சிகாகோ கலைக்கூடம் ஆகியவற்றில் பிரதிகள் உண்டு. மெட்ரோபாலிட்டனின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

சந்தையில் கிடைப்பவை அநேகமாக மறுபதிப்புகள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரியுமானால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. கல்லச்சில் மை முழுத்திட்டாக இருக்கும், தெளிப்புத் துளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். அளவு சிறியதாக இருந்தாலும் பழையதாக இருக்க வாய்ப்புண்டு: 1895 முதல் 1900 வரை அக்காலத்தின் சிறந்த போஸ்டர்கள் 256-ஐச் சிறிய தாளில் மறுபடி கல்லச்சில் அடித்து மாதாமாதம் சந்தாதாரர்களுக்குக் கொடுத்தார்கள். அவற்றின் மூலையில் அழுத்து முத்திரை இருக்கும். வெறும் அழகுக்காக மாட்டுவதென்றால் நல்ல மறுபதிப்பு போதும். வாங்கும்போது மேல்துண்டு சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதே மாதிரி அடுத்து எதைப் பார்க்கலாம்?

லோத்ரெக் 1893-ல் வரைந்த ‘திவான் ஜப்போனே’. அதுவும் ஓர் இரவு விடுதிக்கான போஸ்டர். முன்னால் கறுப்பு உடையில் ஜான் அவ்ரில் பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறார், அவரும் ஆட்டக்காரிதான். மேடையில் பாடுபவர் புகழின் உச்சியில் இருந்த இவெத் கில்பேர். அவருடைய தலை படத்தின் மேல்விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கிறது. நீளமான கறுப்புக் கையுறைகளை வைத்தே ஆள் யாரென்று கண்டுபிடித்தார்கள். இங்கே சொன்ன கேள்விகளை அதற்கும் கேட்டுப் பாருங்கள். தூரத்தில் எது தெரிகிறது, எங்கே மை இல்லை, நாம் எங்கே நிற்கிறோம்.

லா கூலூ பிறகு என்ன ஆனார்?

1895-ல் மூலான் ரூஜை விட்டு வெளியே வந்து, பாரிஸ் திருவிழாச் சந்தையில் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டார். முகப்புக்குப் படம் வரைந்து தரும்படி லோத்ரெக்கிடம் கேட்டார். அவர் இரண்டு பெரிய துணித்திரைகள் வரைந்து கொடுத்தார். ஒன்றில் மூலான் ரூஜில் வலான்தானோடு ஆடிய பழைய நாட்கள். மற்றொன்றில் அவருடைய புதிய ஆட்டம். பார்க்க நிற்கும் கூட்டத்தில் நமக்கு முதுகைக் காட்டியபடி எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டும், குள்ளமான உருவத்தில் லோத்ரெக்கும்.

கொட்டகை நிலைக்கவில்லை. கடைசிக் காலத்தில் மூலான் ரூஜ் பக்கத்துத் தெருக்களில் வேர்க்கடலையும் தீப்பெட்டியும் விற்றுப் பிழைத்தார். 1929-ல் இறந்தார். அந்தத் திரைகளையும் 1926-ல் ஒரு வணிகர் துண்டு துண்டாக வெட்டி விற்கப் பார்த்தார். பிறகு துண்டுகளை வாங்கி மறுபடி ஒன்றுசேர்த்தார்கள். இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன. கிட்டே போனால் வெட்டுத் தடங்களைப் பார்க்கலாம்.